ஒரு நாளைக்குரிய மன்னா

தமிழ்ப்பள்ளியில் படித்த காலத்தில் கட்டுரை எழுதச் சொன்னால், 'திக்கற்றவருக்குத் தெய்வமே துணை' என்ற பழமொழியை எங்காவது ஓரிடத்தில் நுழைத்துவிடுவேன். ஆசிரியரும் மகிழ்ந்து மதிப்பெண் தருவார். ஆனால், அதன் பொருள் எனக்கு விளங்கத் தொடங்கியது பதினேழாவது வயதில்தான்.

நான் ஜொகூர் பாருவில் வளர்ந்தவள். விடியற்காலை நான்கு மணிக்கே எங்கள் ஊரில் மோட்டார் சத்தம் கேட்கத் தொடங்கிவிடும். எல்லாரும் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர்கள். 1924-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட ஜொகூர் பாலம் ஒரு கிலோமீட்டரை விடச் சற்றே நீளம், அவ்வளவுதான். அந்தச் சிறிய பாலத்தை நம்பித்தான் ஆயிரமாயிரம் வீடுகளில் அடுப்பு எரிகிறது. எங்கள் வீடும் அவற்றில் ஒன்று. அப்பா அங்கே ஒரு தொழிற்சாலையில் இயந்திரம் இயக்குபவர். காலையில் போய் இரவில் திரும்பிவிடுவார்.

2020 மார்ச் 16-ஆம் தேதி இரவு, நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை அறிவிக்கப்பட்டது. 18-ஆம் தேதியிலிருந்து பாலத்தைக் கடக்க முடியாது. வேலையை விட முடியாத அப்பா, மறுநாள் மாலை ஒரு பையில் நான்கு சட்டைகளைத் திணித்துக்கொண்டு புறப்பட்டார். "ரெண்டு வாரந்தாம்மா" என்றார். அந்த இரண்டு வாரம் இருபத்தொரு மாதங்களாக நீண்டது.

அங்கே அறை வாடகை. தொழிற்சாலையில் ஓவர்டைமும் இல்லை. வீட்டுக்கு வரும் பணம் பாதியானது. அம்மா தோசை மாவு அரைத்து அடுக்குமாடி வீடுகளில் விற்றார். ஐந்தாம் படிவத்தில் இருந்த நானும் தம்பியும் ஒரே கைப்பேசியில் மாறி மாறிப் படித்தோம்.

எனக்கு இருந்த ஒரே தைரியம் பாட்டிதான். அப்பாவின் அம்மா. குளுவாங் பக்கத்துத் தோட்டத்தில் முப்பது ஆண்டுகள் பால்மரம் வெட்டியவர். வேதாகமத்தில் அவருக்கு மிகவும் பிடித்த பகுதி யாத்திராகமம் பதினாறாம் அதிகாரம். வனாந்தரத்தில் பசியால் முறுமுறுத்த இஸ்ரவேலருக்குக் கர்த்தர் மன்னாவைத் தருகிறார். அன்றைக்கு வேண்டியதை அன்று பொறுக்கிக்கொள்ள வேண்டும். பயந்துபோய் மறுநாளுக்கு எடுத்து வைத்தவர்களின் மன்னா புழுத்து நாறிப்போனது.

"நம்ம பாலும் அப்படித்தான். அன்னைக்கே ஸ்டோர்ல நிறுத்துப் போடணும். வச்சிருந்தா உறைஞ்சு கட்டிப்பாலாயிரும், விலை போவாது" என்பார் பாட்டி. அடுத்த மாத வாடகைக்கு என்ன செய்வது என்று நான் புலம்பினால், "இன்னைக்குச் சோறு இருக்கா? இருக்குல்ல? நாளைப் பால நாளைக்குத்தான் வெட்ட முடியும்" என்று முடித்துவிடுவார்.

2021 ஜனவரியில் ஜொகூரில் மீண்டும் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. அந்த மாதமே பாட்டிக்கு மாரடைப்பு வந்தது. அப்பா ஒருமுறை வந்து பார்க்கும்வரையாவது பாட்டி இருக்க வேண்டும் என்று மூன்று இரவுகள் ஜெபித்தேன். நான்காம் நாள் பாட்டி போய்விட்டார். அப்பா புறப்பட்டு வந்தாலும், தனிமைப்படுத்தல் முடிவதற்குள் அடக்கம் முடிந்துவிடும். எனவே, பெட்டிக்கு மேலே கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கை வலித்தது. "கொஞ்சம் கிட்ட காட்டும்மா" என்றார் அப்பா. அந்தக் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது.

அதன்பின் என்னால் ஜெபிக்க முடியவில்லை. எல்லாம் கர்த்தரின் சித்தம், விசுவாசமாய் இரு என்று சிலர் ஆறுதல் சொன்னார்கள். கோபம்தான் வந்தது. அம்மா மட்டும் எதுவும் சொல்லவில்லை. பாட்டியின் வேதாகமத்தில் 13-ஆம் சங்கீதத்தைத் திறந்து மேசைமீது வைத்துவிட்டு மாவு அரைக்கப் போய்விட்டார். அதில் தாவீது, இன்னும் எத்தனை காலம் என்று கடவுளை நான்கு முறை கேட்கிறார். கேள்வி கேட்பது பாவம் என்றல்லவா நான் எண்ணியிருந்தேன்! பிறகுதான் நினைவுக்கு வந்தது, மன்னா என்ற பெயரே 'இது என்ன?' என்று இஸ்ரவேலர் கேட்ட கேள்வியிலிருந்து வந்ததாக யாத்திராகமம் சொல்வது. அவர்கள் விளங்காமலேதான் பொறுக்கினார்கள், விளங்காமலேதான் உண்டார்கள்.

என் தவறும் புரிந்தது. எல்லாம் சரியாகிவிடும் என்ற உறுதியை ஒரேயடியாகக் கேட்டு, சேர்த்து வைக்கப் பார்த்திருக்கிறேன். இயேசு கற்றுக்கொடுத்த ஜெபத்திலும் அன்றாட ஆகாரத்தைத்தானே கேட்கிறோம்? தள்ளிப்போடப்பட்ட எஸ்.பி.எம். தேர்வு பிப்ரவரி 22-ஆம் தேதி தொடங்க இருந்தது. அன்றிலிருந்து, 'இன்றைக்கு வரலாற்றில் ஒரு பாடம் படிக்கப் பெலன் தாரும்' என்று மட்டும் கேட்டேன். மறுநாள் இன்னொரு பாடம். எதிர்பார்த்த 'ஏ' எல்லாம் கிடைக்கவில்லை. ஆயினும், உங்களோடு இந்தப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறேன்.

2021 நவம்பர் 29-இல் தடுப்பூசி போட்டவர்களுக்கான தரைவழிப் பயணம் தொடங்கியது. டிசம்பரில் அப்பாவுக்குப் பேருந்துச் சீட்டு கிடைத்தது. லார்க்கின் நிலையத்தில் அதே பையோடு இறங்கினார். வீட்டுக்கு வருமுன் கல்லறைக்குப் போனோம். வெகுநேரம் நின்றார், ஒன்றும் பேசவில்லை.

அன்புத் தோழர்களே, என் ஜெபத்துக்கு ஏன் பதில் இல்லை என்று எனக்கு இன்னும் தெரியாது. உங்களில் பலர் வேறு சமயத்தவர். வேறு பெயரால் இறைவனை அழைப்பவர்கள். கல்விக் கடன், தேர்வு, வேலை கிடைக்குமா என்ற கவலை நம் எல்லாருக்கும் பொதுதான். நாளைய பாரத்தையும் சேர்த்து இன்றே தூக்காதீர்கள் என்பதைத்தான் பாட்டியிடமிருந்து உங்களுக்குத் தர முடிகிறது.

விடுமுறைக்கு வீட்டுக்குப் போனால், விடியற்காலை நான்கு மணிக்கு அப்பாவின் மோட்டார் கிளம்பும் சத்தம் கேட்கும். அம்மா வாசலில் நின்று ஜெபிப்பார். அன்று இரவு அவர் திரும்பி வரவேண்டும் என்று மட்டும். நாளைக்கு மறுபடியும் கேட்பார்.