நகராத கப்பல்

எங்கள் தாத்தா வீட்டு மாடி முகப்பு வலது மூலையில் வளைந்து திரும்பும். கைப்பிடிச் சுவரில் விரல் அகலப் பள்ளமாக மூன்று கோடுகள் அந்த வளைவோடு சேர்ந்தே ஓடும். சின்ன வயதில் பள்ளத்தில் விரலை வைத்துக்கொண்டு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஓடுவோம். கடல் பக்கத்திலேயே இல்லாத ஊரில் அதற்குக் ‘கப்பல் வீடு’ என்று பெயர்.

சான் பிரான்சிஸ்கோவில் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது கடல்சார் அருங்காட்சியகத்தைப் பார்த்தேன். வெள்ளைவெளேரென்று, இரு முனையும் உருண்டு, வட்டச் சன்னலும் கம்பிக் கைப்பிடியுமாகக் கரையில் கட்டிவைத்த கப்பல்போல நிற்கிறது. 1939இல் பொதுக் குளியல் மண்டபமாகத் திறந்தது. இந்தப் பாணியை ‘ஸ்ட்ரீம்லைன் மாடர்ன்’ என்கிறார்கள். ஆர்ட் டெகோவின் வழியில் வந்ததுதான். அது கோபுரம்போல மேலே எழும்பப் பார்க்கும். இது படுக்கைக்கோட்டில் ஓடும்.

ஸ்ட்ரீம்லைன் என்பது கட்டடக்காரர்களிடம் பிறந்த சொல் இல்லை. நீரும் காற்றும் ஒரு பொருளைச் சுற்றி ஒழுகிச் செல்லும் தடத்துக்கு அறிவியலார் வைத்த பெயர். ‘ஒழுகு’ என்றால் நமக்கு இப்போது மழைக்காலக் கூரைதான் நினைவுக்கு வருகிறது. ‘ஒழுக்கம்’ பிறந்ததும் அதே வேரில்தான். முட்டாமல் மோதாமல் ஒரு வழியில் செல்வது. இந்தப் பாணியைத் தமிழில் சொல்ல எனக்கு அந்தச் சொல்லே போதும்.

1934 மே மாதம், இதே வடிவில் செய்த ஸெஃபிர் என்ற எஃகு ரயில் டென்வரிலிருந்து சிகாகோவுக்கு ஆயிரம் மைலுக்கு மேல் 13 மணி 5 நிமிடத்தில் ஓடி முடித்தது. ரயில் வழவழப்பாக இருப்பதில் நியாயம் உண்டு. ஆனால் வடிவமைப்பாளர் ரேமண்ட் லோயி பென்சில் சீவும் கருவியைக்கூடக் கண்ணீர்த்துளி வடிவில் செய்து பார்த்தார். நகராத பொருளுக்கு எதற்கு இந்த வேடம் என்று கேட்பவர்கள் உண்டு. என்னால் அப்படிக் கேட்க முடியவில்லை. 1933 அமெரிக்காவில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு வேலை இல்லை. நான் பார்த்த அந்த மண்டபமே, வேலையற்றவர்களுக்கு அரசு வேலை கொடுத்த திட்டத்தில் எழுந்ததுதான். ஆலையும் கடையும் நின்றுபோன நாளில், நிற்கிற சுவருக்கு ஓடுகிற உருவத்தைக் கொடுத்திருக்கிறார்கள். அவர்களுக்கு அது வேண்டியிருந்தது.

தாத்தாவுக்கும் வேண்டியிருந்திருக்கும். ரங்கூனில் இருந்ததையெல்லாம் விட்டுவிட்டுக் கப்பலில் திரும்பி, பத்து வருஷம் கழித்துக் கட்டிய வீடு அது. கொத்தனார் ஆணியும் கயிறும் வைத்தே வளைவைப் போட்டாராம். பூச்சு இறுகுவதற்குள் மூன்று கோட்டையும் இழுத்து முடித்தாராம். நடுக்கோடு மட்டும் திருப்பத்தில் ஒரு நெல்லளவு விலகும். கண்ணுக்குத் தெரியாது, விரல் வைத்தால் தெரியும்.