பதினைந்து பேரும் பதினாறாவது பெயரும்

கொஞ்சம் நீண்ட பதிவு. கிரிக்கெட் பிடிக்காதவர்களும் கடைசிப் பகுதியை மட்டுமாவது வாசியுங்கள்.

"வியாஸ்காந்தை ஏன் எடுக்கவில்லை?" 2024 மே மாதம் எங்கள் ஆசிரியர் ஓய்வறையில் தொடங்கிய இந்தக் கேள்வி இன்னும் ஓயவில்லை. இஷாவுக்குப் பிறகு தேநீர்க் கடையில் உட்கார்ந்தாலும் யாராவது ஒரு நானா இதைத்தான் இழுக்கிறார்.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. விஜயகாந்த் வியாஸ்காந்த் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியின் லெக் ஸ்பின்னர். 2020 டிசம்பரில் எல்.பி.எல். தொடரில் ஜஃப்னா ஸ்டாலியன்ஸ் அணிக்கு ஆடினார். எடுத்த முதல் விக்கெட் எஞ்சலோ மெத்யூஸ். 2024 ஐ.பி.எல். ஏலத்தில் அவரை எந்த அணியும் வாங்கவில்லை. சன்ரைசர்ஸ் ஹைதராபாத் வாங்கியது வனிந்து ஹசரங்கவை. ஹசரங்கவுக்குக் குதிக்காலில் காயம் வந்து அவர் விலகியதும், அவர் இடத்துக்கு ஐம்பது இலட்சம் இந்திய ரூபாய்க்கு வியாஸ்காந்தைக் கூப்பிட்டார்கள். மே 8ஆம் திகதி லக்னோவுக்கு எதிராக முதல் ஆட்டம். நான்கு ஓவர், 27 ஓட்டங்கள், விக்கெட் இல்லை. முதல் ஆட்டத்தில் இப்படிச் சிக்கனமாகப் போட்டால் போதாதா என்று இரவோடிரவாக எங்கள் வட்ஸ்அப் குழுமம் அவரை அமெரிக்காவுக்கே அனுப்பிவிட்டது.

மறுநாள் இருபது20 உலகக் கிண்ணக் குழாத்தை அறிவித்தார்கள். பதினைந்து பேரில் அவர் இல்லை. அணியோடு பயணம் செய்யும் நான்கு மேலதிக வீரர்களில் ஒருவராக இருந்தார்.

சாதாரண தரப் பரீட்சைக் காலம் அது. மேற்பார்வை முடிந்து வந்து உட்கார்ந்தால் ஓய்வறை இரண்டாகப் பிரிந்திருக்கும். ஒரு பக்கம், "தமிழ்ப் பெயர் என்றபடியால்தான் விட்டார்கள், வேறென்ன?" என்றது. மறுபக்கம் கணித சேர் தனியாளாக நின்றார். அவர் கரும்பலகை இல்லாமலே கணக்குப் போட்டார்: சுழற்பந்துக்கு மூன்று இடம். ஹசரங்க தலைவர், அவரும் லெக் ஸ்பின். மஹீஷ் தீக்ஷன. துனித் வெல்லாலகே இடதுகை, துடுப்பெடுத்தும் ஆடுவார். போதாததற்கு அசலங்க, தனஞ்சய, கமிந்து மூவரும் பந்து சுழற்றுவார்கள். இதற்குள் இரண்டாவது லெக் ஸ்பின்னர் எங்கே போவார்?

எங்களுக்கும் அந்தக் கணக்குத்தான் சரியாகப் படுகிறது. ஹைதராபாத்தில் கதவு திறந்ததே ஹசரங்கவின் காயத்தால்தான். அந்த ஹசரங்க குணமாகி வந்து தலைவராக நின்றபோது கொழும்பில் அதே கதவு மூடிக்கொண்டது. மேலதிக வீரர்கள் வரிசையில் இன்னொரு பெயரையும் பாருங்கள்: பானுக ராஜபக்ஷ. 2022 ஆசியக் கிண்ண இறுதிப் போட்டியில் பாகிஸ்தானுக்கு எதிராக ஆட்டமிழக்காமல் 71 அடித்தவர். அவரும் வெளியில்தான் நின்றார். அவர் எந்தப் பெயருக்காக நின்றார்?

சந்தேகப்படுகிறவர்களை நாங்கள் குறை சொல்ல வரவில்லை. இந்த நாட்டில் சந்தேகப்படக் காரணம் இல்லாத சிறுபான்மையினர் யார்? ஆனால் இதை எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். "எங்கட ஆக்கள எடுக்க மாட்டாங்க சேர்" என்று பன்னிரண்டு வயதில் ஒரு பிள்ளை சொன்னால், அது பந்து போட்டுப் பார்த்துச் சொன்ன சொல் அல்ல. எங்கள் வாயிலிருந்து எடுத்த சொல்.

அதே வருடம் ஓகஸ்டில் நடந்ததை யாரும் ஓய்வறையில் பேசவில்லை. இந்தியாவுக்கு எதிரான ஒருநாள் தொடருக்கு முன் மதீஷ பத்திரனவும் டில்ஷான் மதுஷங்கவும் காயமடைந்தார்கள். மாற்று வீரராக வந்த மொஹமட் சிராஸ் 2ஆம் திகதி பிரேமதாச மைதானத்தில் அறிமுகமானார். 'டை'யில் முடிந்த ஆட்டம் அது. அடுத்த ஆட்டத்திலேயே அவர் வெளியே. முதல் ஆட்டத்தில் ஹசரங்கவுக்கு மீண்டும் காயம். அவர் இடத்துக்கு வந்த ஜெஃப்ரி வென்டசே 33 ஓட்டங்களுக்கு ஆறு விக்கெட் எடுத்தார். அவருக்கு அப்போது 34 வயது. எத்தனை வருடம் வெளியே காத்திருந்த மனிதர்! இலங்கை 2-0 என்று தொடரை வென்றது. மாற்று வீரர் என்றால் இப்படித்தான்: ஒருவருக்கு ஒரு நாள், இன்னொருவருக்கு வாழ்நாள் ஆட்டம்.

எங்களுக்கு உண்மையில் கோபம் வருவது வேறு இடத்தில். வியாஸ்காந்த் பதினாறாவது பெயராக வந்ததற்குப் பின்னால் ஒரு கல்லூரி இருக்கிறது. மத்திய கல்லூரியும் சென் ஜோன்ஸும் மோதும் 'வடக்கின் பெரும் போர்' 1904இல் தொடங்கியது. யுத்தம் தின்ற மண்ணிலும் கடினப்பந்து மரபு உயிரோடு இருந்தது. முரளிதரனைச் சொல்கிறோம், எங்கள் பக்கத்து ஊர்க்காரர் என்று பெருமைப்படுகிறோம். கட்டுகஸ்தோட்டை சென் அன்ரனீஸில் வேகப்பந்து போட்டுக்கொண்டிருந்த பதினான்கு வயதுப் பையனை 'நீ சுழற்று' என்று திருப்பிவிட சுனில் பெர்னாண்டோ என்றொரு பயிற்றுவிப்பாளர் அங்கே இருந்தார்.

மாத்தளையில் எங்கள் முஸ்லிம் பாடசாலைகளிலும் தோட்டப் பாடசாலைகளிலும் அப்படி யார் இருக்கிறார்? பெரும்பாலும் மென்பந்துதான். மைதானம் என்பது ஒரு பக்கம் சரிந்த நிலம், மழை பெய்தால் இரண்டு வாரம் சேறு. ஒரு லெதர் பந்து வாங்குகிற காசுக்கு ஒரு பிள்ளைக்குச் சப்பாத்து வாங்கலாம் என்றால் பெற்றோர் எதை வாங்குவார்கள்? ஏ9 வீதியில் பஸ் ஏறினால் தம்புள்ளை சர்வதேச மைதானம், 2001 முதல் எங்கள் மாவட்டத்திலேயே இருக்கிறது. எங்கள் பிள்ளைகள் அங்கே கொடி பிடிக்கப் போயிருக்கிறார்கள். வலைக்குள் நின்று பந்து போட்டதில்லை. இவர்களைத் தெரிவுக்குழு நிராகரிக்கவில்லை. நிராகரிக்க ஒரு பட்டியலில் பெயர் இருக்க வேண்டுமே.

ஏழாம் வகுப்பில் ஒரு பிள்ளை லெக் ஸ்பின் போடுகிறான். மணிக்கட்டு அப்படித் திரும்புகிறது, யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. ஆனால் தையலில் விரல் வைக்கத் தெரியாது. டெனிஸ் பந்தில் தையல் ஏது?

செவ்வாயும் வியாழனும் பாடசாலை விட்ட பிறகு நாங்கள் நான்கு ஆசிரியர்கள் மைதானத்தில் நிற்கிறோம். கடினப்பந்து ஆடிய பழைய மாணவர்கள் ஊரில் இருந்தால் ஒரு மணி நேரம் வந்து போங்கள். வீட்டில் பாவிக்காமல் கிடக்கும் பேட், கையுறை, ஹெல்மட், கிழிந்த மெட்டிங் எதுவானாலும் இன்பொக்ஸில் சொல்லுங்கள், நாங்களே வந்து எடுத்துக்கொள்கிறோம். தையல் உள்ள பந்து ஒன்று முதலில் கிடைத்தால் நல்லது.