அவர்கள் கட்டாத சுவர்

பிரான்சின் தெற்கே, பிரனீஸ் மலையடிவாரத்தில் தனித்து நிமிர்ந்து நிற்கும் சுண்ணாம்புப் பாறை மோன்செகூர். 1,207 மீட்டர் உயரம். உச்சியில் கோட்டை. முந்தைய நாள் மழை பெய்திருந்தது. வருகிறவர்களின் கால் பட்டுப் பட்டுத் தேய்ந்த கற்கள் வழுக்கின. பக்கத்துப் புதரைப் பிடித்துப் பிடித்து அரை மணி நேரம் ஏறினேன்.

ஏறும் பாதை ஒரு புல்வெளியைத் தாண்டித்தான் போகிறது. எரிக்கப்பட்டவர்களின் வயல் என்று அதற்குப் பெயர். 1244 மார்ச் 16 அன்று கத்தார்கள் என்ற கிறித்தவப் பிரிவினர் இருநூறு பேருக்கும் மேற்பட்டோரை இந்த மலையடியில் உயிரோடு எரித்தார்கள். அதன் நினைவாக அங்கே ஒரு கல் நட்டிருக்கிறார்கள்.

கத்தார்களின் துறவிகள் இறைச்சி தொடமாட்டார்கள். சத்தியம் செய்ய மறுப்பார்கள். பெண்களும் அவர்களிடையே துறவு பூணலாம். ஊர் மக்கள் அவர்களை ‘நல்ல மனிதர்கள்’ என்றே அழைத்தார்கள். திருச்சபைக்கு அவர்கள் மத விரோதிகள். ஏறத்தாழ பத்து மாத முற்றுகைக்குப் பிறகு, அவர்கள் தஞ்சமிருந்த இந்தக் கோட்டை பணிந்தது. நம்பிக்கையைக் கைவிட்டால் உயிர், இல்லையேல் நெருப்பு. இரண்டு வாரம் அவகாசம் கிடைத்தது. அந்த அவகாசம் முடியும் தறுவாயில், பிழைத்துப் போயிருக்கக்கூடிய இருபது பேர்போல முன்வந்து தீட்சை பெற்றுக்கொண்டார்கள். நெருப்பு காத்திருப்பது தெரிந்தேதான். கோட்டைத் தலைவர் ரேமோனின் மனைவி கோர்பா அவர்களில் ஒருவர். மகள் எஸ்க்லார்மோந்தும் தாயோடு எரிந்தாள். ரேமோன் பிழைத்தார்.

இதையெல்லாம் நெஞ்சில் சுமந்துகொண்டுதான் வாசலில் நுழைந்தேன். சுவரில் உள்ளங்கையை வைத்தேன். சில்லென்ற கல், விரலிடுக்கில் ஈரப் பாசி. கோர்பாவின் கையும் இங்கே பட்டிருக்குமே என்று ஒரு கணம் உடல் சிலிர்த்தது.

பட்டிருக்காது. இன்று நிற்கும் சுவர் அவர்கள் காலத்தது அல்ல. வென்றவர்கள் பிற்பாடு கட்டியது. படித்த செய்திதான். ஆனாலும் கல்லைத் தொட்டபோது மறந்துபோனது.

எரிந்தவர்களின் பெயர்களும் வென்றவர்கள் வழியாகத்தான் நமக்குக் கிடைத்தன. முற்றுகை முடிந்ததும் திருச்சபையின் விசாரணையாளர்கள் பிழைத்தவர்களை அழைத்து வாக்குமூலம் வாங்கினார்கள். யார் யாரை வணங்கினார், யார் யாரோடு ரொட்டி பகிர்ந்தார், யார் எரிந்தார் என்று வரி வரியாக எழுதிவைத்தார்கள். சாட்சி சொன்னவர்களில் ரேமோனும் ஒருவர். மனைவியையும் மகளையும் பறிகொடுத்த மனிதர், சில வாரங்களுக்குள் அந்த விசாரணையாளர்கள் முன்னால் எப்படி வாய் திறந்திருப்பார்? முற்றத்தில் நின்ற நேரம் முழுக்க எனக்கு அதே நினைவுதான். கோட்டையை அதற்குமேல் பார்க்கத் தோன்றவில்லை.

வடக்கு வாசல் வழியாக வெளியே வந்தேன். சுவருக்குக் கீழே, வெயில் எட்டாத சரிவில், தாழ்வான கல் வரிசைகள் படிப்படியாக இறங்குகின்றன. அகழாய்வில் வெளிப்பட்ட வீடுகளின் அடித்தளங்கள். அந்த நல்ல மனிதர்கள் வாழ்ந்த ஊர். ஒரு வீட்டின் அறை நாலு எட்டுக்கூட இராது. அதன் மூலையில் மழைநீர் தேங்கியிருந்தது. உள்ளே கால் வைக்க மனம் வரவில்லை. வெளியே நின்றே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.