புடைப்பும் பள்ளமும்

பழைய நாணயங்களை ஆராயப் புகுவோர் முதலில் கற்க வேண்டியது விலைப்பட்டியலை அன்று. புடைப்பையும் பள்ளத்தையும் பிரித்தறியும் பழக்கத்தையே என்பது என் துணிபு. அக்கசாலையில் எஃகு அச்சிலே பள்ளமாக வெட்டியது வெள்ளி வில்லையில் புடைப்பாக எழும். அச்சில் இடவலம் மாறி நிற்பது காசில் நேராகும். இவ்வொரு விதி பாதி ஐயங்களைத் தீர்த்துவிடும்.

ஓயாத அழுத்தத்தால் அச்சு விரிசல் கண்டால், அவ்விரிசலுக்குள் உலோகம் புகுந்து, காசின்மேல் மெல்லிய வரப்புப் போல உயர்ந்து நிற்கும். கீறலோ பள்ளமாகவே இருக்கும். விரிசல் அச்சின் பிழை; அதன்பின் அவ்வச்சில் அடித்த காசுகள் அனைத்திலும் அதே இடத்தில் தோன்றும். கீறல் ஒரு காசின் தனித்துயரம்.

ஆயினும் பள்ளமெல்லாம் கீறலாகிவிடாது. 'ஒரு வெள்ளி, இரண்டு வெள்ளி' என்று நாம் இன்றும் எண்ணுகிறோமே, அது மெய்யான வெள்ளிக் காசு புழங்கிய நாளின் எச்சம். 1903ஆம் ஆண்டில் நீரிணைக் குடியேற்றங்களுக்கெனத் தனி வெள்ளி பம்பாயில் அடிக்கப்பட்டது. அவ்வாண்டுக் காசுகள் சிலவற்றில் பம்பாய்க்குரிய 'பி' என்னும் ஆங்கில எழுத்து அழுந்தியிருக்கும். வேறு சிலவற்றில் புடைத்திருக்கும். அழுந்திய எழுத்துக்கு அச்சில் அவ்வெழுத்து மேடாக நிற்க வேண்டும். முடிந்த அச்சில் உளியால் குத்தி மேடு எழுப்ப இயலாது. ஆகவே இவை இருவேறு அச்சுகளின் பிள்ளைகள்.

அதற்கு முன்னர், 1895 முதல், பிரிட்டிஷ் வணிக வெள்ளி இங்கே வழங்கியது. ஒருபுறம் சூலம் ஏந்தி நிற்கும் பிரிட்டானியா. மறுபுறம் சீனமும் ஜாவியும். பம்பாய்க் குறி சூலத்தின் நடுமுனையில் கடுகினும் சிறிதாய் ஒளிந்திருக்கும். கல்கத்தாவின் 'சி' அம்மையின் காலடியில்.

சில ஆண்டுகளுக்கு முன் என் மாணவி ஒருத்தி 1901ஆம் ஆண்டு வணிக வெள்ளி ஒன்றைக் கைக்குட்டையில் முடிந்து கொண்டுவந்தாள். அவள் பாட்டியின் தாயார் வைத்திருந்தது. கல்லூரிக் கட்டணத்துக்காக அதை விற்க வீட்டில் எண்ணியிருந்தனர். கடைக்காரர் ஒருவர், "ஆண்டெண் சிதைந்த காசு" என்று சொல்லி, எடைக்கு மட்டும் விலை பேசினாராம்.

பத்து மடங்கு பெருக்கும் கண்ணாடியில் நெடுநேரம் பார்த்தேன். இறுதி ஒன்றின் இருமருங்கும் இரண்டு பிறைகள். அவை புடைத்திருந்தன! சிதைவாயின் உலோகம் நசுங்கிப் பள்ளம் விழுந்திருக்கும். இங்கோ 1900ஆம் ஆண்டு அச்சை வீணாக்க மனமின்றி, சுழியத்தின்மேல் ஒன்றைக் குத்தியிருக்கிறார்கள். பழைய சுழியம் முற்றும் மறையவில்லை. சேகரிப்போர் இதனைத் தனி வகையாகவே கணக்கிடுவர்.

"ஐயா, அப்படியானால் விலை கூடுமா?" என்றாள்.

கூடும்தான், ஆனால் பொங்கல்தோறும் புளியும் சாம்பலும் இட்டுத் துலக்கியதில் அதன் இயல்பான மேற்பொலிவு போய்விட்டிருந்தது. பளபளப்பை மதிப்பென்று நம்பும் நம் வீட்டு வழக்கம் எத்தனை காசுகளைக் கெடுத்ததோ! கண்டவற்றைத் தாளில் எழுதிக் கொடுத்து, வேறு இரு கடைகளில் காட்டச் சொன்னேன்.

இரண்டாம் கடையில் முன்னதைப் போல் இருமடங்குக்கு மேல் தர முன்வந்தார்களாம். ஆயினும் அவள் தாயார் விற்கவில்லை. கட்டணத்துக்கு வேறு வழி தேடிக்கொண்டு, ஒரு கேள்வியை மட்டும் மகளிடம் சொல்லியனுப்பினார்: பாட்டியின் கைபட்டுத் தேய்ந்த இடம் எது? நான் மழுங்கிப்போயிருந்த பிரிட்டானியாவின் முழங்காலைக் காட்டினேன்.