இலேசான கல்

எங்கள் சூளை உருகியதற்கு விறகு போட்ட பையன் காரணம் இல்லை. நான்தான். ஆறு வருஷமாக இதைச் சொல்லாமல் இருந்துவிட்டேன்.

புதுச்சேரிப் பக்கம், சவுக்கு விறகில் ஸ்டோன்வேர் சுடும் பட்டறை என்னுடையது. புதுச் சூளைக்குக் கல் வாங்கப் போனேன். கடைக்காரர் இரண்டு கல்லைக் கையில் கொடுத்தார். ஒன்று ஐ.எஸ். 8 தரத் தீக்கல், கையை இழுக்கும் கனம். மற்றது ரொட்டி மாதிரி நுண்துளை நிறைந்த இலேசான கல், 1,260 டிகிரி வரை தாங்குவது. சீக்கிரம் சூடேறும், விறகு மிச்சமாகும். கூட வந்த மேஸ்திரி, "இதை வெளிச்சுத்துக்கு வைங்கய்யா. நெருப்புப் படுற பக்கம் கனமான கல்லுதான் நிக்கும்" என்றார். அவர் பள்ளிக்கூடம் போகாதவர். நான் சூளைப் புத்தகங்கள் படித்தவன். அந்தத் திமிரில், "கணக்குப் போட்டுத்தான் வாங்குறேன் மேஸ்திரி" என்றேன். இலேசான கல்லையே நெருப்புப் பக்கமும் வைத்தேன்.

கணக்கில் சாம்பலைச் சேர்க்கவில்லை. விறகுச் சாம்பலில் சுண்ணாம்பும் பொட்டாஷும் உண்டு. பானைமேல் படிந்து மெருகாக உருகுவது அதுதான். அதே சாம்பல் கல்லையும் தின்னும். கனமான கல்லில் பெரும்பாலும் மேலோடு நிற்கும். துளைக்கல்லில் உள்ளே இறங்கிவிடும். இதெல்லாம் தெரியாதவன் இல்லை நான். போதாக்குறைக்கு, நாங்கள் சுடுவதோ 1,280 டிகிரிக்கு மேல், அந்தக் கல் தாங்குவதைவிட அதிகம்.

நாலாவது சூட்டில் சூளையின் பார்வைத் துளை வழியாகப் பார்த்தேன். கூரை வளைவிலிருந்து கல் உருகித் தேன் மாதிரி இழை இழையாகத் தொங்கியது. அப்போதே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினால் மேஸ்திரி சொன்னது சரி என்றாகிவிடும். "இன்னும் போடுடா" என்றேன். பையன் போட்டான்.

ஆறியபின் திறந்தோம். உள்ளே பாதிச் சாமான் பக்கத்துப் பட்டறைப் பெண்கள் இருவருடையது. கண்காட்சிக்காக நாலு மாதம் உழைத்துச் செய்தவை. ஒரு ஜாடியின் தோளில் பச்சைக் கண்ணாடி சொட்டி, மூடியைக் கவ்விக்கொண்டிருந்தது. அவர்களில் ஒருவர் அதை ஒருமுறை திருகிப் பார்த்தார். பிறகு சத்தமில்லாமல் கீழே வைத்தார். அந்த வருஷம் அவர்கள் கண்காட்சிக்குப் போகவில்லை.

"பையன் விறகைத் திணிச்சுட்டான், சூடு மீறிடுச்சு" என்று சொன்னேன். எல்லாரும் அவனைப் பார்த்தார்கள். அவனுக்குப் பத்தொன்பது வயது. என்னைப் பார்த்தான், ஒன்றும் பேசவில்லை. சனிக்கிழமை கூலியை வாங்கிக்கொண்டு போனவன் திரும்பவில்லை.

போன மாதம் அந்தப் பெண்களிடம் உண்மையைச் சொன்னேன். மேஸ்திரியிடமும் சொன்னேன். பையன் இப்போது கடலூரில் வெல்டிங் வேலை பார்க்கிறான். விலாசம் என்னிடம் இருக்கிறது. இன்னும் போகவில்லை.