வினைக்கும் வினையடைக்கும் நடுவே



நம் ஆலயத்தின் சிறிய மண்டபத்தில் புதன்கிழமை மாலைதோறும் செவிலியப் பணியிலுள்ள சகோதரிகளும் சில வாலிபரும் ஆங்கிலம் பயிலக் கூடிவருவதை நீங்கள் அறிவீர்கள். பெரும்பாலோர் வெளிநாட்டு மருத்துவமனைகளுக்குச் செல்ல ஆயத்தப்படுகிறவர்கள். சென்ற மாதம் அங்கே எழுந்த ஒரு கேள்வியே இவ்வார எழுத்துக்குக் காரணம்.

"பிக் அப் த புக்" என்று ஆங்கிலத்தில் சொல்லலாம். "பிக் த புக் அப்" என்றும் சொல்லலாம். ஆனால் புத்தகம் என்ற பெயருக்குப் பதிலாக "இட்" என்ற பிரதிப்பெயர் வந்துவிட்டால், "பிக் இட் அப்" என்பது ஒன்றே வழி. "பிக் அப் இட்" என்று எந்த ஆங்கிலேயரும் பேசுவதில்லை. "ஐயா, பெயருக்கு இரண்டு இடம் உண்டு, பிரதிப்பெயருக்கு ஏன் ஒரே இடம்?" என்று ஒரு சகோதரி கேட்டார். விதி அப்படித்தான் என்று கூறிக் கடந்துபோக எனக்கு மனமில்லை.

ஆங்கில வாக்கியத்தில் இறுதியிடம் பொதுவாகக் குரல் அழுந்தும் இடம். கேட்பவருக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதை அங்கே வைப்பார்கள். "இட்" என்பதோ இருவருக்கும் ஏற்கெனவே தெரிந்த பொருளைச் சுட்டும் மெலிந்த சொல். அதற்கு அழுத்தம் இல்லை. ஆகவே அது வினையை ஒட்டி நடுவிலே ஒதுங்கிக்கொள்ள, "அப்" என்ற சிறு வினையடை இறுதியில் ஓங்கி ஒலிக்கிறது. வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்: இரண்டு சொற்கள் "பிக்கிட்" என்று ஒட்டிக்கொண்டுவிடும், "அப்" தனித்து நிற்கும்.

இந்த இடமாற்றம் நமக்கு ஓர் உரைகல்லாகவும் பயன்படுகிறது. "ரன் அப் எ ஹில்" என்றால் குன்றின்மேல் ஓடி ஏறுதல். "ரன் அப் எ பில்" என்றால் கடையில் கடனை ஏற்றிக்கொண்டே போதல். பார்வைக்கு இரண்டும் ஒன்றே. பிரதிப்பெயரை இட்டுப் பாருங்கள்: குன்றானால் "ரன் அப் இட்", கடனானால் "ரன் இட் அப்". முதலாவதில் "அப்" குன்றைச் சேர்ந்த முன்னிடைச்சொல். இரண்டாவதில் அது வினையைச் சேர்ந்தது. இதே காரணத்தால் ஒருவரைப் பராமரிப்பதை "லுக் ஆஃப்டர் ஹிம்" என்றே சொல்ல வேண்டும். "லுக் ஹிம் ஆஃப்டர்" என்பது செல்லாது.

சாமுவேல் ஜான்சன் 1755-இல் வெளியிட்ட தம் அகராதியின் முன்னுரையில், இவ்வகை வினைகள் பிறநாட்டாருக்கு மிகுந்த இடர் தருவன என்று தனியே குறிப்பிட்டார். "ஃப்ரேசல் வெர்ப்" என்ற பெயரோ 1925-இல் லோகன் பியர்சல் ஸ்மித்தின் நூல் வழியாகவே பரவியது. இறையியல் கல்லூரியில் நாங்கள் படித்த ஆங்கிலம் இலத்தீன் வழிவந்த நெடுஞ்சொற்களால் நிறைந்தது. "எக்ஸ்டிங்விஷ்", "போஸ்ட்போன்", "டாலரேட்" ஆகியவை எங்களுக்கு எளிது. வீட்டிலும் தெருவிலும் அவர்கள் பேசும் "புட் அவுட்", "புட் ஆஃப்", "புட் அப் வித்" ஆகியவையே கடினம். ஒரே "புட்", விளக்கை அணைப்பதும் நாளைத் தள்ளுவதும் பொறுத்துப்போவதும் பின்னே வரும் சிறு சொல்லின் செயல்.

இலக்கணத்தோடு நின்றால் இவ்வளவு எழுத வேண்டியதில்லை. நோயாளிகள் இலத்தீன் சொற்களில் நோயைச் சொல்வதில்லை. நம் வகுப்பிலிருந்து இங்கிலாந்துக்குச் சென்ற ஒரு சகோதரி, தன் முதல் மாதத்தைப் பற்றி எனக்கு எழுதியிருந்தாள். முதியவர் ஒருவர் காலை மாத்திரைகளுக்குப் பின் "ஐ கான்ட் கீப் இட் டவுன்" என்றாராம். "டவுன்" என்ற சொல் மட்டும் காதில் விழ, கையிலுள்ள குவளையைக் கீழே வைக்க முடியவில்லை போலும் என்று எண்ணி, அதை வாங்கி மேசைமேல் வைத்தாள். உட்கொண்டது வயிற்றில் தங்கவில்லை, வாந்தியாகிறது என்பதே அவர் சொன்னது. அவற்றில் இருதய மாத்திரையும் ஒன்று. உடனிருந்த மூத்த செவிலியர் புரிந்துகொண்டு மருத்துவரை அழைத்தார். நல்வாய்ப்பு.

அதே மடலில் அவள் இன்னும் சிலவற்றைக் குறித்திருந்தாள். "பிரிங் இட் அப்" என்றால் சளியையோ உணவையோ வெளியே கொண்டுவருதல். "பிரிங் ஹர் அப்" என்றால் பிள்ளையை வளர்த்தல். "கம் ரவுண்ட்" என்றால் மயக்கம் தெளிதல். "பாஸ் அவே" இறந்துபோதல். "பாஸ் அவுட்" மயங்கி விழுதல். நம் ஊரில் கல்லூரி முடித்ததை எல்லாரும் "பாஸ் அவுட்" என்கிறோமே! அங்கே அப்படிச் சொன்னவுடன் உடன்பணியாளர் பதறி, தலையில் அடிபட்டதா என்று விசாரித்தாராம். வகுப்பில் இதை வாசித்தபோது வெகுநேரம் சிரித்தோம்.

தமிழருக்கு இது முற்றிலும் அந்நியமன்று என்று நான் வகுப்பில் சொல்வதுண்டு. நாமும் வினைக்குப் பின்னே சிறு வினையைச் சேர்த்துப் பொருளைத் திருப்புகிறோம். "எடு" வேறு, "எடுத்துக்கொள்" வேறு, "எடுத்துவிடு" வேறு. ஆனால் நம் சேர்க்கையில் "அதை" வினைக்கு முன்னே நின்றுவிடும்; வினையையும் அதன் துணையையும் பிரித்து நடுவே வந்து நிற்காது. அந்த ஒரு பழக்கத்தையே நாம் புதிதாகக் கற்க வேண்டியிருக்கிறது.

சென்ற புதன்கிழமை "லெட் கோ" என்பதை எடுத்துக்கொண்டோம். "லெட் கோ ஆஃப் ஹிம்" என்றால் பிடித்திருக்கும் கையை விடு என்று பொருள். "லெட் ஹிம் கோ" என்றால் அவரைப் போகவிடு. பின்னதை மருத்துவர் சொன்னால், வீட்டுக்கு அனுப்பலாம் என்றும் பொருள்படலாம். இனி சிகிச்சை வேண்டாம், அமைதியாய்ப் பிரியட்டும் என்றும் பொருள்படலாம். எதை என்று எப்படி அறிவது என்று ஒருவர் கேட்டார். இலக்கணம் இங்கே உதவாது, நோயாளியின் குறிப்பேட்டைப் பார், அதற்கும் மேல் ஐயம் இருந்தால் வெட்கப்படாமல் மருத்துவரிடமே கேள் என்றேன். அப்படிக் கேட்பதற்கான ஆங்கிலத்தை, "வாட் டு யூ மீன்" என்பதைவிடப் பணிவான சொற்களில், வரும் புதன்கிழமை பயில்வோம். மாலை ஆறரை மணிக்குத் தொடக்கம்.