போடிமெட்டுச் சாலையும் ஜீப்பின் கமான் பட்டையும்

போடிநாயக்கனூரில் பொழுது புலர்வதற்கு முன்பே ஜீப்புகள் உறுமத் தொடங்கிவிடுகின்றன. தேநீர்க் கடையின் விளக்கொளியில், தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, கையில் தூக்குச்சட்டியும் மழைக்கு ஒரு பாலிதீன் தாளுமாகப் பெண்கள் காத்து நிற்பார்கள். ஆவணி பிறந்து காய் எடுப்பு மும்முரமாகும் நாட்களில் இக்கூட்டம் இன்னும் பெருகும். எல்லைக்கு அப்பால் பூப்பாறை, சாந்தன்பாறை, ராஜகுமாரி முதலிய ஊர்களைச் சுற்றியுள்ள ஏலத்தோட்டங்களுக்கு அவர்கள் செல்கிறார்கள். மாலையில் அதே வண்டியில் திரும்பி வந்து பிள்ளைகளுக்குச் சோறாக்க வேண்டும். ஏலச்செடியில் காய்கள் எல்லாம் ஒரே சமயத்தில் முற்றுவதில்லை. ஆகவே ஒருமுறை எடுத்த செடியிலேயே ஐந்தாறு வாரங்களுக்கு ஒருமுறை மீண்டும் மீண்டும் எடுக்க வேண்டும். நான்கைந்து கிலோ பச்சைக்காய் உலர்ந்தால்தான் ஒரு கிலோ ஏலக்காய் கிடைக்கும். நம் வீட்டுப் பாயசத்தில் மணக்கும் அந்த நாலு காய்க்காக இத்தனை கைகள் நாள்தோறும் மலையேறி இறங்குகின்றன.

நகரை விட்டு மேற்கே சென்று முந்தலை அடைந்ததும் மலை நமக்கு நேர் எதிரே எழுந்து நிற்கிறது. போடிமெட்டு வரை 17 கொண்டை ஊசி வளைவுகள். ஆயிரத்துச் சொச்சம் அடி உயரத்திலுள்ள ஊரிலிருந்து ஏறத்தாழ 4,500 அடி உயரத்துக்கு ஏறிவிடுகிறோம். புளியூத்து அருவிப் பக்கம் வந்தால் காதடைக்கும். வெயில் நெடி போய் ஈரமண் வாசனை வரும். வடமேற்கே குரங்கணிப் பக்கம் முன்னொரு காலத்தில் வேறு விதமான போக்குவரத்து இருந்தது. டாப் ஸ்டேஷனிலிருந்து தேயிலைப் பெட்டிகள் கம்பிவடத்தில் தொங்கியபடி கொட்டகுடிக்கு இறங்கின. மூணாற்றிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை அவற்றைச் சுமந்துவந்த குண்டளைப் பள்ளத்தாக்கு இரயில் 1924-ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்தில் அழிந்தது. தேயிலைக்காவது ஒரு கம்பிவடம் இருந்தது. ஆட்களுக்கு அவரவர் கால்களே வாகனம்.

இன்று போடிமெட்டு வரையிலும், அதற்கு அப்பால் மூணாறு வரையிலும் தார்ச்சாலை நன்றாகவே இருக்கிறது. சோதனை, நெடுஞ்சாலையை விட்டுத் தோட்டத்துக்குத் திரும்பும் இடத்தில் தொடங்குகிறது. உருண்டைக் கற்களும், மழைநீர் அரித்த குழிகளும், சறுக்கும் செம்மண்ணுமாகிய அப்பாதையில் ஜீப்பைத் தவிர வேறு வண்டி துணிந்து ஏறாது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படைகளுக்காக வில்லிஸ் நிறுவனம் உருவாக்கிய ஜீப்பை 1947-இல் பம்பாயில் மகிந்திரா நிறுவனம் பூட்டி விற்கத் தொடங்கியது. அதன் வழிவந்த எம்.எம்.540, கமாண்டர் போன்றவை இன்று உற்பத்தியில் இல்லை; ஆயினும் இம்மலையில் இன்னும் உயிரோடு இருக்கின்றன. 2020-இல் வந்த புதிய தார் வண்டிக்கு நான்கு சக்கரத்திலும் சுருள்வில். நம் பழைய ஜீப்புக்கோ, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி யூ போல்ட்டால் அச்சோடு இறுக்கிய எஃகுப் பட்டைகள்தாம். கமான் என்றால் வில். பெயரே அதன் வேலையைச் சொல்லிவிடுகிறது.

மலைக்குப் போக வேண்டியிருந்த ஒரு நாள், நான் ஏறவிருந்த ஜீப் பட்டறையில் நின்றது. ஓட்டுநர் இளைஞர். பின்பக்கம் தாழ்ந்துவிட்டது என்றும், கூட ஒரு பட்டை வைத்துக் கட்டித் தரவேண்டும் என்றும் மேஸ்திரியிடம் கேட்டுக்கொண்டிருந்தார். ஏற்கெனவே ஒன்று கூட்டியிருந்ததாம். மேஸ்திரி வண்டிக்கு அடியில் படுத்தபடியே, "சாமி, நீங்களே கேளுங்க. பட்டை ஒடஞ்சா வர்றான், ஏன் ஒடஞ்சுதுன்னு கேக்க மாட்டேங்கிறான்" என்றார். எனக்கு இயந்திர நூல் தெரியாது. எனினும் அன்று அரை நாள் அந்தப் பட்டறையில் அமர்ந்து கற்றதையும், பின்னர் படித்துச் சரிபார்த்ததையும் இங்கே எழுதுகிறேன். கணக்கு வருகிறது, வாசகர்கள் பொறுத்தருள வேண்டும்.

ஒரே கனமுள்ள 7 பட்டைகள் இருக்கும் கட்டில் எட்டாவது ஒன்றைச் சேர்த்தால் அதன் விறைப்பு ஏழில் ஒரு பங்கு, அதாவது நூற்றுக்குப் பதினான்கு அளவு கூடும். ஆனால் பட்டையின் கனத்தைக் கூட்டினால் கதை வேறு. விறைப்பு கனத்தின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. 6 மில்லிமீட்டர்ப் பட்டைகளை எல்லாம் எடுத்துவிட்டு, அதே எண்ணிக்கையில் 7 மில்லிமீட்டர்ப் பட்டைகளைப் போட்டால், பார்வைக்கு ஒரு நூலிழை வேற்றுமைதான். விறைப்போ ஏறக்குறைய அறுபது விழுக்காடு ஏறிவிடுகிறது. லாரியின் பழைய பட்டையை வெட்டி ஜீப்புக்குச் செருகுவோர் இதை நினைப்பதில்லை. விறைத்த வில் சுமையோடு இருக்கும்போது அழகாக நிற்கும். சுமை குறைந்தாலோ கல்லுக்குக் கல் எகிறும். சக்கரம் தரையை விட்டு எழும். எழுந்த சக்கரத்துக்குப் பிடிப்பும் இல்லை, பிரேக்கும் இல்லை. அந்த அதிர்ச்சியெல்லாம், பின்புறப் பலகையில் ஒருக்களித்து அமர்ந்திருக்கும் பெண்களின் முதுகெலும்பில் போய் இறங்குகிறது. இடுப்புவலி என்று மருந்துக்கடையில் நிற்கும் நம் தாய்மார்களை யாரேனும் எந்த ஜீப்பில் போகிறீர்கள் என்று கேட்டதுண்டா?

இன்னொரு வழக்கமும் உண்டு. அச்சுக்குக் கீழே கட்டியிருக்கும் பட்டைகளை அவிழ்த்து அச்சுக்கு மேலே கட்டினால், செலவு அதிகமின்றி வண்டி ஐந்து அங்குலம் வரை உயர்ந்துவிடும். சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்குச் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச் செல்லும் பாறைப் பாதையைப் பார்த்தவர்களுக்கு இந்த ஆசை எழுவது இயல்பே. (கொழுக்குமலை நம் போடி வட்டத்தைச் சேர்ந்தது, வண்டி போகும் வழி மட்டும் கேரளத்தில். எல்லைக்கோடு போட்டவர்கள் ஜீப் ஓட்டியவர்களல்லர்.) ஆனால் உயர்ந்த வண்டி கவிழவும் எளிது. ஸ்டியரிங் தண்டின் சாய்வு மாறுவதால், குழியில் விழும்போது சக்கரம் தானே ஒரு பக்கம் இழுக்கும். வண்டிப் பந்தயத்திற்கு அது விளையாட்டு. பதினேழு வளைவுகளில் ஆட்களை ஏற்றிவருபவருக்கு அன்று.

அப்படியானால் குறைந்த பணத்தில் செய்யத்தக்கது என்ன? மேஸ்திரி முதலில் காட்டியது, பட்டையின் கண்ணுக்குள் இருக்கும் புஷ். சில நூறு ரூபாய்ப் பொருள். அது தேய்ந்திருந்தால் அச்சே முன்னும் பின்னும் ஆடும்; ஓட்டுநர் ஸ்டியரிங்கைக் குறை சொல்வார். அடுத்து, கட்டைப் பிரித்து, துருவைச் சுரண்டி, கிராஃபைட் கிரீஸ் தடவி மீண்டும் கட்டுவது. துருவேறிய பட்டைகள் ஒன்றோடொன்று உராய்ந்து ஒட்டிக்கொள்வதால் வில் வில்லாக இராது. பிரித்துப் பார்க்கையில் நடு ஆணித் துளையருகே மயிரிழை வெடிப்பு இருக்கிறதா என்று நோக்க வேண்டும். பெரும்பாலும் அங்கேதான் முறியும். முறிந்ததை வெல்டு வைத்து ஒட்டுவது பாவம் என்றே சொல்வேன்; வெல்டின் சூட்டில் எஃகின் பதம் கெட்டு, ஒட்டின் ஓரத்திலேயே மறுபடி உடையும். தொய்ந்த பட்டைக்கு வளைவு ஏற்றலாம். ஆனால் அடுப்பில் சிவக்கக் காய்ச்சி வளைத்தால், எண்ணெயில் தோய்த்து, மறுபடி மிதமாகச் சூடேற்றிப் பதப்படுத்தத் தெரிந்தவர் கையில்தான் அதைக் கொடுக்க வேண்டும். யூ போல்ட்டுகளைச் சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் மீண்டும் இறுக்க வேண்டும். கடைசியாக ஷாக் அப்சார்பர். பட்டை அதிர்ச்சியை வாங்கி வைத்துக்கொள்ளும்; அதை அடக்குவது ஷாக் அப்சார்பர். அந்த ஜீப்பில் நான்கில் மூன்று எண்ணெய் கசிந்து உயிரற்றுக் கிடந்தன. கூடுதல் பட்டைக்கு வைத்திருந்த பணத்தை இவற்றுக்குச் செலவிடு என்பதே மேஸ்திரியின் வாதம்.

ஓட்டுநருக்குக் கோபம். "அண்ணே, ஆளுக்கு இவ்வளவுன்னுதான் எனக்குக் கூலி. நாலு ஆளக் கொறச்சா தவணை யார் கட்டுவா?" அவர் சொன்னதில் பொய் இல்லை. ஒரு பட்டை கூடினால் நான்கு பேர் கூடுவார்கள். நான்கு பேர் என்றால் இருநூறு கிலோவுக்குக் குறையாது. பட்டை அதைத் தாங்கிவிடும். பிரேக் டிரம்மும், டயரும், அச்சும் பழைய கணக்கிலேயே இருக்கின்றன. இறக்கத்தில் அந்த இருநூறு கிலோவைப் பிடித்து நிறுத்த வேண்டியவை அவைதாம். பட்டை தாழ்வதாவது ஓட்டுநரின் கண்ணுக்குத் தெரிந்த எச்சரிக்கை. கூடுதல் பட்டை அந்த எச்சரிக்கையையும் மறைத்துவிடுகிறது.

வண்டியைத் தயாரிப்பாளர் வகுத்த அமைப்பிலிருந்து மாற்றுவதை 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது. கேரளத்திலிருந்து சென்ற ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் அதை உறுதிப்படுத்தியது. சட்டம் புத்தகத்தில் இருக்கிறது. மலைச் சாலைகளில் தோட்டத்து ஜீப் கவிழும் செய்திகளும் வந்துகொண்டே இருக்கின்றன. இதே மேற்குத் தொடர்ச்சி மலையின் வடக்கே, வயநாட்டில், 2023 ஆகஸ்டு 25 அன்று தேயிலைத் தோட்ட வேலை முடித்துத் திரும்பிய பெண்களின் ஜீப் மானந்தவாடி அருகே பள்ளத்தில் விழுந்தது. ஒன்பது பெண்கள் மாண்டனர். அவர்களும் காலையில் தூக்குச்சட்டியோடு புறப்பட்டவர்களே.

அன்று மாலை வரை வாதம் நடந்தது. இறுதியில் கூடுதல் பட்டை கழற்றப்பட்டுப் பட்டறை மூலையில் சாத்தப்பட்டது. புஷ் எட்டும் புதிது. பின்புற ஷாக் அப்சார்பர் இரண்டும் புதிது. முன்புறத்தது அடுத்த மாதம் என்று உடன்பாடு. மறுநாள் விடியலில் அதே ஜீப்பில் நான் முன்னிருக்கையில் ஏறினேன். ஓட்டுநர் விரல் விட்டு எண்ணி ஆட்களை ஏற்றினார். வண்டி நிறைந்தபின் இரண்டு பெண்கள் கீழே நின்றார்கள்.

"தம்பி, நாங்க எதுல வர்றது?"

"பின்னால வர்ற வண்டியில ஏறிக்கிருங்க அக்கா."

பின்னால் வந்த வண்டியின் படியிலேயே ஆட்கள் நின்றிருந்தார்கள். இருவரும் எங்கள் வண்டியை ஒரு முறை பார்த்துவிட்டு, தூக்குச்சட்டியைக் கை மாற்றிக்கொண்டு, பேருந்து நிலையம் நோக்கி விரைவாக நடந்தார்கள். பேருந்தில் பூப்பாறை போய் இறங்கி, அங்கிருந்து தோட்டத்திற்கு நடந்தால், வேலைக்கு நேரமாகிவிடும் என்றார் ஓட்டுநர். தோட்டத்தில் சேர்த்துக்கொள்வார்களா என்று கேட்டேன். அவர் கியரைப் போட்டார்; ஜீப் முந்தலை நோக்கித் திரும்பியது.